சுடுதண்ணியும் அம்மாமாரின் அரை மணித்தியாலமும்

சூட்டைப் பற்றி எங்கட ஆக்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. மாம்பழம் சூடு, இளநீர் குளிர்மை. தடிமன் பிடித்தால் வேது. இடுப்பு நோவுக்கு ஒத்தடம். பிள்ளை பெற்றவளுக்கு இலைகுழை போட்டு அவித்த தண்ணி. ஆனால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இரவு இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் நெருப்பாக எழும்பி, வியர்வையில் தோய்ந்த சட்டையோடு ஃபானுக்குக் கீழே குந்தியிருந்தால், அதைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் ஒரு அபிப்பிராயமும் இருக்காது. "வயசு போகுது, அப்பிடித்தான்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை இரண்டு விஷயங்களைப் பற்றியது. ஒன்று, வெப்ப சிகிச்சை என்று ஆய்வாளர்கள் சொல்லும் ஒன்று. அதாவது வெந்நீரிலோ நீராவி அறையிலோ உடம்பைச் சூடாக்கி, இரத்தச் சீனியையும் இரத்தக் குழாய்களையும் சீராக்க முடியுமா என்ற தேடல். இரண்டாவது, மாதவிடாய் நின்ற பெண்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பேசும் செய்திகள் கொஞ்சக் காலமாக வருகின்றன. என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன்: அந்த ஆராய்ச்சி கவனிக்க வேண்டிய ஆராய்ச்சிதான். ஆனால் அம்மாவுக்குச் சுடுதண்ணி வைக்க முதல், அவரின் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கிற கடமை எங்களுக்கு இருக்கிறது. அதை நாங்கள் செய்யவே இல்லை.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதை மாதவிடாய் நிறுத்தம் என்று மருத்துவம் சொல்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது 45க்கும் 55க்கும் இடையில் நடக்கும். சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ஈஸ்ட்ரோஜன் என்றால் பிள்ளைப்பேற்றோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்றுதான் ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தோடு நாங்கள் விட்டுவிட்டோம். உண்மையில் இரத்தக் குழாய், எலும்பு, ஈரல், தசை, மூளை எல்லாமே அதன் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தவை. அது குறைந்தவுடன் இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. குடலையும் ஈரலையும் சுற்றி உள்ளே படிகிறது. கெட்ட கொலஸ்ட்ரோல் கூடுகிறது, தசை குறைகிறது. இன்சுலின் கதவைத் தட்டினாலும் கலங்கள் முந்திப்போல் திறப்பதில்லை. இளவயதில் அதே வயது ஆண்களைவிட இருதய நோயிலிருந்து ஓரளவு தப்பியிருந்த பெண்கள், இதற்குப் பிறகு அந்தப் பாதுகாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறார்கள்.

"நான் ஒண்டும் பெரிசாச் சாப்பிடுறேல்லை, ஆனா வயிறு வைக்குது" என்று அம்மாமார் சொல்வதை நாங்கள் எல்லாரும் கேட்டிருப்போம். நாங்களும் சிரித்துவிட்டு, "பின்னேரத்துப் பணிசை விடுங்கோ" என்று புத்தி சொல்லியிருப்போம். அவர் சொன்னது பொய்யில்லை. அதே சாப்பாட்டை அவரின் உடம்பு இப்போது வேறு மாதிரிக் கையாள்கிறது.

இலங்கையில் இது சின்ன விஷயமும் இல்லை. 2005-2006 காலத்தில் செய்யப்பட்ட ஒரு பெரிய கணக்கெடுப்பில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. ஆண்களில் 9.8, பெண்களில் 10.9. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்களையும் சேர்த்தால் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல். அந்தக் கணக்கெடுப்பில் ஒன்பது மாகாணங்களில் ஏழுதான் இருந்தன. வடக்கும் கிழக்கும் யுத்தத்தால் விடுபட்டன. நாடு தன் சீனி வருத்தத்தை எண்ணிப் பார்த்த நேரத்தில் எங்கட அம்மாமாரும் அம்மம்மாமாரும் அந்த எண்ணிக்கைக்குள் வரவில்லை.

இனி வெப்பத்துக்கு வருவோம்.

1999இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு மருத்துவர் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 8 பேரை வெந்நீர்த் தொட்டியில் இருக்கவைத்தார். ஒரு நாளைக்கு 30 நிமிடம், கிழமைக்கு 6 நாள், மூன்று கிழமை. வெறும் வயிற்றுச் சீனியின் சராசரி 182இலிருந்து 159க்கு இறங்கியது. நிறையும் சராசரியாக 1.7 கிலோ குறைந்தது. எட்டே எட்டுப் பேர். ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை. ஆனாலும் அந்தச் சின்னக் குறிப்பு உலகின் முன்னணி மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்ததால், கேள்வி உயிரோடு இருந்தது.

2015இல் பின்லாந்தில் இருந்து பெரிய எண்கள் வந்தன. அங்கே சோனா என்பது எங்களுக்குக் கிணற்றடி மாதிரி, வீட்டோடு சேர்ந்த விஷயம். 2315 பேரை ஏறத்தாழ 20 வருடங்கள் பின்தொடர்ந்ததில், கிழமைக்கு ஒருதரம் சோனாவுக்குப் போனவர்களைவிட 4 முதல் 7 தரம் போனவர்களிடம் திடீர் இருதய மரணம் 63 வீதம் குறைவாக இருந்தது. அந்த 2315 பேரும் ஆண்கள். 2018இல்தான் அதே பகுதியில் 1688 பேரை வைத்து, அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பெண்களாக, இன்னொரு ஆய்வு வெளிவந்தது. இருதய நோயால் வரும் மரணம் அதிலும் அதே பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகளை வைத்து "சோனாதான் காப்பாற்றியது" என்று அடித்துச் சொல்ல ஏலாது. கிழமைக்கு நாலு நாள் சோனாவில் இருக்க ஓய்வும் தெம்பும் உள்ளவர் ஏற்கனவே கொஞ்சம் சுகமானவராக இருக்கக்கூடும்.

2019இல் ஒரேகன் பல்கலைக்கழகத்தில், சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினையும் உடற்பருமனும் உள்ள இளம் பெண்களை 40 பாகை செல்சியசுக்குச் சற்றுமேல் உள்ள வெந்நீரில் ஒரு மணித்தியாலம் இருக்கவைத்தார்கள். 8 முதல் 10 கிழமைக்குள் 30 தடவை. வெறும் வயிற்றுச் சீனி குறைந்தது, இரத்த அழுத்தமும் குறைந்தது. 2024இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாக ஆய்வாளர்கள், சூலகம் அகற்றப்பட்ட வயதான பெண் சுண்டெலிகளுக்குக் கொழுப்பு கூடிய சாப்பாடு கொடுத்து, 12 கிழமைகள் நாளுக்கு அரை மணித்தியாலம் வெப்பம் கொடுத்தார்கள். வெப்பம் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு குறைவாகவே ஏறியது. இன்சுலினும் ஒழுங்காக வேலைசெய்தது. மாதவிடாய் நின்ற பெண்களையும் வெப்ப சிகிச்சையையும் சேர்த்துத் தலைப்புச் செய்திகள் வந்தது இதற்குப் பிறகுதான்.

இது எப்படி வேலை செய்கிறது? உடம்பின் உள்வெப்பம் ஒரு பாகை அளவு கூடினால் இதயம் வேகமாக அடிக்கும், இரத்தக் குழாய்கள் விரியும், இரத்தம் அவற்றின் சுவரை உரசிக்கொண்டு வேகமாக ஓடும். மெதுவாக நடக்கும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். அதோடு கலங்களுக்குள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற ஒரு வகைப் புரதம் கூடும். பழுதான மற்றப் புரதங்களைத் திருத்துவதும், இன்சுலினின் வேலையைக் குழப்பும் அழற்சியைத் தணிப்பதும் அவற்றின் வேலை. முழங்கால் நோவால் நடக்கவே ஏலாத ஒரு அம்மாவுக்கு, இருந்த இடத்திலேயே நடையின் பயனில் ஒரு பங்கு கிடைக்குமென்றால் அது பெரிய விஷயம்தான். அதனால்தான் இந்த ஆராய்ச்சியைத் தள்ளிவிடக் கூடாது என்கிறேன்.

ஆனால் மேலே சொன்ன வரிசையை இன்னொருமுறை பாருங்கள். எட்டு நோயாளிகள், பின்லாந்து ஆண்கள், இளம் பெண்கள், எலிகள். இந்தக் கேள்வி யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பெண்ணுக்குப் பதிலாக எலி நிற்கிறது. அமெரிக்காவில் 1977இல் வந்த ஒரு வழிகாட்டல், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துகளின் ஆரம்பகட்டப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. அரச நிதியில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்ற சட்டம் 1993இல்தான் வந்தது. மாதச் சுழற்சி ஆய்வு முடிவைக் குழப்பும் என்பது அப்போது அடிக்கடி சொல்லப்பட்ட காரணம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அந்தச் சுழற்சி இல்லை. இருந்தும் அவரும் விடுபட்டார்.

வெளிநாட்டு விஞ்ஞானத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் அது சுலபம். எங்கட கதைக்கு வருவோம்.

ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனவுடன் நல்லெண்ணெய், முட்டை, உழுத்தம்மாக் களி என்று வீடே ஒரு திட்டம் போடும். பிள்ளை பெற்றால் இன்னும் பெரிய திட்டம். சரக்கு அரைத்த பத்தியக் கறி, வெந்நீர் வார்ப்பு, காதுக்குப் பஞ்சு, காற்றுப் படாத அறை, "பச்சை உடம்பு, பாரம் தூக்காதே" என்ற கட்டளை. 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை அவளைச் சுற்றி இரண்டு மூன்று பெண்கள் நிற்பார்கள். இவற்றில் எது மருத்துவ ரீதியாகச் சரி, எது பிழை என்று வாதிடலாம். ஆனால் ஒன்று உறுதி: பெண்ணின் உடம்பு ஒரு திருப்பத்தைக் கடக்கிறது, அதற்கு வெதுவெதுப்பும் ஓய்வும் ஆள்துணையும் வேண்டும் என்று எங்கட சமூகத்துக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது திருப்பத்துக்கு மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை? சடங்கு இல்லை, பத்தியம் இல்லை, வீட்டில் பேசுவதற்கு ஒரு நல்ல சொல்கூட இல்லை. "நிண்டிட்டுது" என்பதற்கு மேல் வாய் போகாது. எனக்குத் தெரியும் விடை ஒன்றுதான், அது கசப்பானது. முதல் இரண்டு திருப்பமும் அடுத்த சந்ததியோடு சம்பந்தப்பட்டவை. பெறப்போகிற உடம்பையும் பெற்ற உடம்பையும் நாங்கள் சூடாக்கிக் காத்தோம். பெற்று முடித்த உடம்பு எங்களுக்குக் கணக்கில் இல்லை.

திருகோணமலையின் கன்னியா வெந்நீர் ஊற்றுகளுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். யாரும் உள்ளே இறங்கி அமிழ்ந்து கிடக்க முடியாது, வாளியால் அள்ளி வார்ப்பதுதான். அந்த ஊற்றுகளைப் பற்றிய ஐதீகமும் உங்களுக்குத் தெரிந்ததே. தாய் இறந்த பின் அவளின் கிரியைகளைச் செய்வதற்காக இராவணன் நிலத்தில் குத்த, ஏழு இடத்தில் வெந்நீர் பொங்கியது என்பார்கள். இன்றைக்கும் இறந்தவர்களுக்கான கடமைகளைச் செய்ய ஆக்கள் அங்கே போகிறார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் தாய்க்காக மகன் எடுத்த வெந்நீர், தாய் போன பிறகுதான் வந்தது என்பதை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

இப்போது சிலர் கேட்கப்போவது தெரியும். "சித்திரை வெயிலில் வவுனியாவில் இருக்கிற ஆளுக்கு வெப்ப சிகிச்சையா? நாங்கள் வருஷம் முழுக்க அடுப்புக்குள்ளதானே இருக்கிறம்?" நியாயமான கேள்வி. ஆய்வில் தரும் வெப்பத்துக்கு ஒரு அளவும் ஒரு முடிவும் இருக்கிறது. குறித்த நேரம், குறித்த சூடு, பக்கத்தில் ஒருவர், குடிக்கத் தண்ணீர், பிறகு ஓய்வு. வயலில் களை பிடுங்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் தகரக் கூரைக் குசினியில் மூன்று நேரமும் நிற்கும் பெண்ணுக்கும் அந்தச் சூட்டை நிறுத்தும் அதிகாரம் இல்லை. வியர்த்து, தண்ணி குடிக்காமல், மூத்திரத்தை அடக்கி, வேலை முடியுமட்டும் நிற்பது சிகிச்சை ஆகாது. அது உடம்பைத் தேய்க்கும். அதற்கு மேல் மாதவிடாய் நிறுத்தம் உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டையே குழப்புகிறது. மூளை "பரவாயில்லை" என்று பொறுத்துக்கொள்ளும் வெப்ப எல்லை ஒடுங்கிவிடுகிறது. சின்னக் கூடுதலுக்கே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வியர்வை ஊற்றும். அப்படிப்பட்ட பெண்ணைத்தான் நாங்கள் மத்தியானம் அடுப்படியில் விட்டுவிட்டு, "ஏனம்மா எந்தநாளும் எரிஞ்சு விழுறீங்கள்?" என்று கேட்கிறோம்.

எனக்கு உண்மையில் பயம் இன்னொன்றில். இந்த ஆய்வுச் செய்தி வட்ஸ்அப்பில் எப்படி வரும் என்று உங்களால் இப்போதே சொல்ல முடியும்: "சுடுதண்ணியில் குளித்தால் சீனி பறந்துபோகும், குளிசை தேவையில்லை." அதை முதலில் நம்பப்போவதும் அம்மாமார்தான். ஏனென்றால் அவர்களுக்கு இதைப் பற்றி வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே தெளிவாகவே எழுதுகிறேன். எந்த ஆய்வும் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. நீண்டகாலச் சீனி வருத்தம் உள்ளவருக்குக் கால் விறைத்து உணர்வு குறைந்திருக்கலாம். தண்ணி கொதிப்பது தெரியாமலே தோல் வெந்துபோகும், அந்தப் புண் லேசில் ஆறாது. பிரஷர் குளிசை எடுப்பவர் வெந்நீரில் இருந்து சடாரென எழும்பினால் தலைசுற்றி விழலாம். இருதய வருத்தம் உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இதே மாதிரி ஒரு அரைகுறைச் செய்தி ஏற்கனவே பெண்களைப் பாதித்திருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் ஹோர்மோன் சிகிச்சை பற்றிய ஒரு மிகப்பெரிய ஆய்வின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் ஆபத்துக் கூடியதால் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் ஹோர்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் பரவியது. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதும், மாதவிடாய் நின்று கொஞ்சக் காலத்துக்குள் சிகிச்சை தொடங்குவோருக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு என்பதும் மெதுவாகத்தான் வெளியே வந்தன. யாருக்கு அது சரி, யாருக்குச் சரியில்லை என்பது வைத்தியரோடு இருந்து பேச வேண்டிய விஷயம். எங்கட ஊரில் அந்தப் பேச்சே தொடங்குவதில்லை.

இங்கேதான் எங்கட தலைமுறையோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மாதவிடாய் பற்றி நாங்கள் இப்போது வெளிப்படையாகக் கதைக்கிறோம். பாட் விலையைப் பற்றி எழுதுகிறோம், குறும்படம் எடுக்கிறோம், தீட்டு என்ற சொல்லோடு சண்டை பிடிக்கிறோம். எல்லாம் நல்லது. ஆனால் இந்தக் கதை முழுவதும் எங்கட வயதைச் சுற்றியே நடக்கிறது. வளாகத்தில் நடக்கும் கருத்தரங்கில் மாதவிடாய் தொடங்குகிறது, வலிக்கிறது, பாட் வாங்குகிறது, ஒருபோதும் நிற்பதில்லை. எங்கட பெண்ணியம் எங்கட அம்மாவின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுவிடுகிறது.

பெரிய திட்டங்கள் ஒன்றும் வேண்டாம். இலங்கையில் 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் எல்லாவற்றையும் காசு இல்லாமல் பார்ப்பார்கள். எம்.ஓ.எச். அலுவலகத்திலோ ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டால் நாள் சொல்வார்கள். நாங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கட நிறையைக் காட்டில் எழுதியதும் அப்படியான ஒரு மிஸ்தான். அம்மாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்கு ஒண்டுமில்லை" என்பார். அந்தப் பதில் எங்களுக்குப் பழக்கமானது, அதோடு நின்றுவிடாதீர்கள்.

தையல் நாடாவை எடுத்து அம்மாவின் இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். எங்கட தெற்காசிய உடம்புக்குப் பெண்களில் 80 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலம்தான் எல்லை. அதற்கு மேல் என்றால் வெறும் வயிற்றுச் சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது "திரும்ப வந்திருக்கு" என்று விடுகிற விஷயம் இல்லை, உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். இது உயிர் காக்கிற தகவல். எத்தனை வீட்டில் தெரியும்?

கடைசியாக நேரம். இந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் எண் 30 நிமிடம். வெந்நீரோ, நடையோ, சும்மா ஒரு கதிரையில் கால் நீட்டி இருப்பதோ, எதுவாக இருந்தாலும் ஒரு பெண்ணுக்கு யாரும் கூப்பிடாத அரை மணித்தியாலம் வேண்டும். எங்கட பெரும்பாலான வீடுகளில் குளியல் தொட்டி இல்லை. 2022க்குப் பிறகு கரண்டுக்கும் காஸுக்கும் கொடுக்கிற காசை நினைத்தால் ஒரு பானை தண்ணி சூடாக்கவே யோசிக்கும் வீடுகள் இருக்கின்றன. ஆனால் பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஆறரை வரை குசினியை நீங்களோ அண்ணாவோ அப்பாவோ எடுத்துக்கொள்வதற்குக் காசு தேவையில்லை. புட்டு அவிக்கத் தெரியாவிட்டால் பழகுங்கள். வெப்ப சிகிச்சை பெண்களுக்கு எவ்வளவு உதவும் என்பதற்கான பதிலை ஆய்வாளர்கள் வருங்காலத்தில் தரட்டும். அந்த அரை மணித்தியாலத்தை இந்தக் கிழமையே கொடுக்கலாம்.